பெயர் போடாத கடிதம்

"ரெண்டு பேரில ஒராள்தான். வேற ஆர் இருக்கினம் இந்தக் கடையில?" என்று வின்சன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

முல்லைத்தீவு பஸ் நிலையத்துக்கு எதிரேயுள்ள அவனுடைய புடவைக்கடையில் அப்போது அவனும் மனைவி யூலிற்றாவும் மட்டுமே இருந்தார்கள். வேலைக்கு நிற்கும் நிரோஜாவும் பிரியந்தினியும் எட்டரைக்குத்தான் வருவார்கள். முந்திய நாள் ஆட்கள் பிரித்துப் பார்த்துவிட்டுப் போன சேலைகளை யூலிற்றா மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த முந்திய நாள்தான் தொழில் அலுவலகத்திலிருந்து றஞ்சனி என்ற அலுவலர் வந்துபோயிருந்தார். கடை தொடங்கி ஆறு வருடமாகியும் பதியவில்லை, வேலையாட்களின் பெயரோ வேலை நேரமோ எங்கும் எழுதப்படவில்லை என்று தபாலில் ஒரு கடிதம் வந்திருக்கிறதாம். தட்டச்சில் அடித்த கடிதம், கீழே பெயரில்லை. அதைக் கையில் தராமல் ஒரு வரியை மட்டும் வாசித்துக் காட்டினார். 'இங்கே நிற்கிற பெண்ணுக்கு ஆறு வருடமாக ஓய்வு என்று ஒரு நாள் இல்லை.'

திங்கட்கிழமை வந்து பதிந்து தருவதாகச் சொல்லி, நிரப்பி வைக்க ஒரு படிவத்தையும் கொடுத்துவிட்டுப் போனார்.

பதிவதில் வின்சனுக்குப் பெரிய சங்கடமில்லை. தன் கடைக்குள் நின்றுகொண்டே தன்னைக் காட்டிக்கொடுத்தது யார் என்பதுதான் அவனை அரித்தது.

"அவையள் எழுதியிருக்க மாட்டினம்" என்றாள் யூலிற்றா, சேலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீர் எல்லாரையும் நம்புவீர்."

அன்றிலிருந்து அவன் இரண்டு பெண்களையும் கவனிக்கத் தொடங்கினான். பிரியந்தினியைத் தனியே கூப்பிட்டு விசாரித்தபோது அவள் அழுதே விட்டாள். அவள் வந்து பத்து மாதம்தான் ஆகிறது. அப்படியென்றால் நிரோஜா. கடை திறந்த நாளிலிருந்து நிற்பவள் அவள்தான், ஆறு வருடக் கணக்கும் சரியாக வருகிறது.

நிரோஜா மத்தியானத்தில் போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போவதும், அவனைக் கண்டால் பேச்சை நிறுத்துவதும் இப்போதுதான் அவனுக்குத் தெரியவந்தது. வெள்ளிக்கிழமை அவளைத் தேத்தண்ணி வாங்க அனுப்பிவிட்டு அவளுடைய கைப்பையைத் திறந்து பார்த்தான். தாயின் கிளினிக் கொப்பியும் பாதி தின்ற பணிஸும் இருந்தன. கொப்பியை ஒவ்வொரு தாளாகப் புரட்டிவிட்டு, இருந்தபடியே வைத்து மூடினான்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வந்தவன் படியிலேயே நின்றுவிட்டான். கோயில் வளவில், வேப்பமரத்தடியில் நிரோஜா நின்றாள். அவளோடு தலையை ஆட்டி ஆட்டிக் கதைத்துக்கொண்டிருந்தவர் றஞ்சனி.

வேறு சாட்சி அவனுக்குத் தேவைப்படவில்லை. மோட்டார் சைக்கிளை நேரே கடைக்கு விட்டான். உள்ளே யூலிற்றா ஒரு தாய்க்கும் மகளுக்கும் பள்ளிக்கூடச் சட்டைத் துணி அளந்து வெட்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் போகும்வரை பொறுத்திருந்து விஷயத்தைச் சொன்னான்.

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "இண்டைக்குப் பாதர் என்ன பிரசங்கம் வைச்சவர்?" என்று கேட்டாள்.

"அதுவோ இப்ப முக்கியம்? நாளைக்குப் பதிவு முடியட்டும், அவளை நிப்பாட்டுறன்."

நிரோஜாவின் தாய் நடக்கமாட்டாமல் கிடக்கிறாள், அந்த வீட்டில் உழைப்பது இவள் ஒருத்திதான் என்று யூலிற்றா நினைவூட்டினாள். எழுதும்போது அவளுக்கு அது தெரியவில்லையா என்று வின்சன் திருப்பிக் கேட்டான். யூலிற்றா விளக்குமாற்றை எடுத்தாள். துணித்துண்டுகளைக் கூட்டி ஒரு மூலையில் ஒதுக்கினாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு றஞ்சனி வந்தார். கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து படிவத்தைப் பார்த்தார். இரண்டு பெண்களுடைய அடையாள அட்டைகளையும் வாங்கி இலக்கங்களைச் சரிபார்த்தார். வேலைக்கு வேறு எவரும் இல்லையா என்று கேட்டார். இரண்டே பேர்தான் என்றான் வின்சன்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் நிரோஜா அலுவலரைப் பார்த்து இலேசாகச் சிரித்ததைக் கண்டதும் அவனுக்குப் பொறுக்கவில்லை. கோயில் வளவில் என்ன கதை என்று எல்லோர் முன்னிலும் கேட்டான். ஆறு வருடமாக ஓய்வில்லை என்று கடிதம் போட்டதையும் இப்போதே ஒத்துக்கொள்ளச் சொன்னான்.

நிரோஜாவின் முகம் வெளிறிவிட்டது. கடையைப் பதிந்தால் தனக்கும் பிற்காலத்துக்கான சேமலாப நிதி கட்டுவார்களா என்றுதான் கேட்டதாகச் சொன்னாள். றஞ்சனியும் அதை ஆமோதித்தார்.

"எனக்குக் கிழமைக்கொரு லீவு இருக்குத்தானே அண்ணை. ஓய்வில்லை எண்டு நான் ஏன் எழுதப்போறன்?" என்றாள் நிரோஜா.

வின்சனுக்குக் கோபம் கூடியது. "அது எனக்குத் தெரியாது. நாளையில இருந்து நீ வரத் தேவையில்லை."

நிரோஜா கைப்பையை எடுத்தாள். துணி வெட்டும் மேசைக்குப் பின்னாலிருந்து, கழுத்தில் போட்ட அளவு நாடாவோடு யூலிற்றா வந்து அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு தன் அடையாள அட்டையை எடுத்துப் படிவத்தின் மேல் வைத்தாள்.

"இதென்ன?" என்றான் வின்சன்.

யூலிற்றா அவனைப் பார்க்கவில்லை.

"கடிதம் எழுதினது நான், மிஸ்."