வழுக்குப் பந்து

"தொப்பியைக் கழட்டுப்பா" என்றார் மெர்வின் ஷூல்ட்ஸ். ஆர்லோ பிக்கெட் கழற்றினார். அடுத்து பெல்ட் என்றார். ஆர்லோ அதையும் அவிழ்த்து மேசையில் வைக்க, காப்பிக் கடையின் பக்கத்து மேசையில் ஆப்பிள் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பம் தட்டோடு இடம் மாறி உட்கார்ந்தது.

ஆர்லோ பேஸ்பாலில் பந்து வீசியே பிழைத்தவர். ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிவிட்டது. வீசி வீசித் தேய்ந்த அந்த வலது கையால் இப்போது காப்பிக் கோப்பையைத் தூக்குவதே பெரும்பாடு.

மெர்வின் அந்தக் காலத்து நடுவர். ஆர்லோ பந்தில் எதையோ தடவுகிறார் என்பது அவருடைய தீராத சந்தேகம். பந்து வழவழப்பானால் மட்டைக்குக் கிட்டே வந்ததும் பொத்தென்று இறங்கும், எந்தக் கொம்பனாலும் அடிக்க முடியாது.

நிறைந்த அரங்கத்தில் ஆட்டத்தை நிறுத்தி ஆர்லோவின் காதைத் துழாவியிருக்கிறார், மீசையைச் சீப்பால் வாரியிருக்கிறார். ஒருமுறை காலுறையை மோந்து பார்த்துவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தார். ஒன்றும் சிக்காத கடுப்பில் பழைய பந்தைப் பிடுங்கிக்கொண்டு, தம் இடுப்புப் பையிலிருந்து புதுப் பந்தை எடுத்துக் கொடுப்பார். அது முன்னதைவிட மோசமாக இறங்கும்.

இப்போது சொந்த ஊர் மைதானச் சுவரில் ஆர்லோவின் பெயரைப் பொறிக்கலாம் என்று மைதானக் குழுவில் எல்லாரும் சொல்லியாயிற்று. அதில் உறுப்பினரான மெர்வின் மட்டும், பித்தலாட்டக்காரனுக்குச் சுவர் ஒரு கேடா என்று முட்டுக்கட்டை போட்டார். ஆர்லோவுக்கோ அந்தச் சுவர் வேண்டும். கையைத் தொலைத்ததற்கு அவரிடம் காட்ட வேறு ஒன்றும் இல்லை. அன்று மாலைக்குள் முடிவு தெரிந்தாக வேண்டும்.

பெல்ட்டிலும் ஒன்றும் கிடைக்காமல், மெர்வின் அலுத்துப்போய் முழங்காலில் களிம்பைத் தேய்க்க ஆரம்பித்தார். மட்டையாளருக்குப் பின்னால் குனிந்து நின்றே வீணான முட்டி. அந்தக் காலத்தில் ஆட்டத்தின் நடுவிலும் இடையிடையே தேய்த்தால்தான் அவரால் நிற்க முடிந்தது.

"வயசாயிடுச்சுப்பா. இது தெரியாம செத்தா என் கட்டை வேகாது. எங்க ஒளிச்சு வச்சேன்னு மட்டும் சொல்லிடு, நானும் சரின்னு சொல்லிடறேன்."

"முதல்ல போன் போட்டுச் சொல்லுங்க. அப்புறம் ஒண்ணு விடாம சொல்றேன்."

மெர்வினுக்கு ஆவல் தாங்கவில்லை. அவசரத்தில் எடுத்த போன் கையிலிருந்து நழுவிக் காப்பியில் விழப் பார்த்தது. பிடித்து, குழுத் தலைவரைக் கூப்பிட்டு, ஆர்லோவின் பெயர் சுவரில் வர தமக்கு ஆட்சேபணை இல்லை என்றார். வைத்த கையோடு, நாக்குக்கு அடியில்தானே என்று கேட்டார்.

ஆர்லோ நிதானமாக பெல்ட்டை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"நான் எங்க ஒளிச்சேன்? பந்தைக் குடுக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒருநாளாவது கையைத் துடைச்சிருக்கீங்களா?"