மதகை நோக்கிப் போன பரிசல்

காலையிலிருந்து ஒரு மீன்கூடச் சிக்கவில்லை. போதாக்குறைக்கு, அணையின் திறந்த மதகு பரிசலை இழுத்துக்கொண்டிருந்தது. உள்ளே போனால் சுக்குநூறுதான்.

அப்போதும் பரிசலுக்கு ஒரே யோசனை. "இந்த மீனெல்லாம் எங்கேதான் இருக்கும்?"

"இதோ, நமக்கு அடியில் முழுகிக் கிடக்கிற புளியமரத்தில்! நீதான் ஓர் இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறாயே," என்று சீறியது தூண்டில் தக்கை.

"பாரம், அண்ணே! இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஒருத்தன் சும்மா உட்கார்ந்திருக்கிறானே, அந்தத் தடியனைத் தள்ளிவிடு."

"தள்ள வேண்டாம். நானே போறேன்."

தொப்பென்று சத்தம். கயிறு சரசரவென்று ஓடி விறைத்தது. பரிசல் நின்றது. கொஞ்ச நேரத்தில் தக்கை முங்கியது.

"கீழே என்னப்பா தெரியுது?" என்று பரிசல் குனிந்து கேட்டது.

"கிளைக்குக் கிளை மீன். சத்தம் போடாதே," என்றது நங்கூரக்கல்.