பேட்டரியைப் பற்றி ஒரு வரி

காரில் மூவர் இருந்தோம்: ஓட்டும் இருக்கையில் நான், பின்னால் மனைவி, அவள் மடியில் இரண்டு மணி நேரம் அழுது அப்போதுதான் தூங்கிய குழந்தை. பெட்ரோல் போட வந்தவர் மரியபுஷ்பம்.

"வண்டிய அமத்துங்க அண்ணாச்சி."

"அமத்துனா மறுபடி ஸ்டார்ட் ஆகாதும்மா. பேட்டரி போச்சு."

"வெடிச்சா நாலு பேரும் ஒண்ணாத்தான் போவோம்" என்று சிரித்தபடி குழாயைச் சொருகினார்.

கேமராவில் பார்த்து அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாக அடுத்த வாரம் தெரிந்தது. பங்க் முதலாளிக்குக் கடிதம் எழுதினேன். யார் எங்கே உட்கார்ந்திருந்தோம், எஞ்சினை அணைக்க மறுத்தது நான்தான், அவர் இரங்கி உதவினார் என்று வரிசையாக எழுதினேன்.

"பிள்ள முழிச்சிடும்னு நீங்க சொன்ன பொய்தான அது? பேட்டரி நல்லாத்தான இருந்துச்சு. அதையும் எழுதுங்க" என்றாள் மனைவி.

உறையின் வாயில் பசை தடவியிருந்தேன். அழுத்தி ஒட்டி, தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.