விரதச் செம்மல்

ஓய்வுபெற்ற சார்பதிவாளர் தெய்வசிகாமணிக்குப் பதினோரு வருடமாக எதுவும் செரிப்பதில்லை. கேட்டவர்களிடமெல்லாம் விரதம் என்று சொல்லிவைத்தார். அது வளர்ந்து இன்று ‘விரதச் செம்மல்’ பட்டமாகிவிட்டது; விழா எடுத்துச் சால்வையும் போர்த்திவிட்டார்கள். விழாப் பந்தியில் மரியாதைக்காக அவருக்கும் ஓர் இலை போட்டிருந்தார்கள். பரிமாறுகிறவர் குனிந்து மெல்லக் கேட்டார்: “புளிச்ச ஏப்பமா சார்? எனக்கும் அதேதான். குழைஞ்ச மோர்சாதம் தனியா வச்சிருக்கேன். போடவா? நானும் கூட உக்காந்து சாப்பிடுறேன்.”

தெய்வசிகாமணியின் கை தானாக இலையில் தண்ணீர் தெளித்துவிட்டது.

“யோவ், ஐயாவோட விரதத்தைக் கெடுக்கப் பாக்குறியா?” என்று விழாக் குழுச் செயலாளர் பாய்ந்தார். பந்தியே நிமிர்ந்து பார்த்தது.

“தூசி இருந்துச்சு, கழுவினேன்,” என்றார் செம்மல்.

பரிமாறுகிறவர் அடுத்த இலைக்குப் போய்விட்டார். எல்லோரும் எழும்வரை காத்திருந்த தெய்வசிகாமணி, ஒரு பருக்கையும் படாத இலையை, வயிறு நிறைந்தவரைப் போலத் தம் பக்கமாக மடித்தார்.