சான்றிதழில் இருந்த கை

எட்னா எரிமலைச் சரிவில் விளையும் திராட்சையில் செய்யும் அந்தச் சிவப்பு வைனின் குணம் மூன்றிலிருந்து வருகிறது என்று அதன் தரச் சான்றிதழ் சொன்னது: கறுத்த எரிமலை மண், கடற்காற்று, தோட்டத் தொழிலாளி தவமலரின் கை. கொடியின் கிளைகளை வெட்டிக் கவ்வாத்து செய்யும் கை மாறினால், முப்பது வருடம் கழித்துப் போத்தலைத் திறக்கும்போது ருசியும் மாறிவிடுமாம். அதனால் கவ்வாத்துக் காலத்தில் அவள் தோட்டத்தின் எல்லையைத் தாண்டக் கூடாது. அந்தந்த ஆண்டில் மூன்றும் எப்படி இருந்தன என்று போத்தலிலும் அச்சிட்டாக வேண்டும்.

பலெர்மோவில் அவளுடைய அண்ணனுக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. அவளை இத்தாலிக்குக் கூப்பிட்டு எடுத்தவர் அவர்தான். தவமலர் ஆறு நாள் விடுப்புக் கேட்டாள்.

"மண் லீவு கேக்குமோ, அக்கா?" என்றான் மேலாளர் அன்ரன். அவளைப் போல அவனும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைதான்.

தவமலர் கவ்வாத்துக் கத்தரியை அவன் மேசையில் வைத்தாள்.

"கேக்காது தம்பி. ஆனா மண்ணில இருக்கிறதெல்லாம் வைனில வரும் எண்டு தோட்டம் பாக்க வாற சனத்துக்கு நீங்கள்தானே சொல்லுறியள்? நான் போகாட்டி அண்ணாவை நினைச்சு அழுதழுதுதான் வெட்டுவன். முப்பது வருசம் கழிச்சுத் திறந்து பாருங்கோ, அந்தக் கசப்பும் இருக்கும்."

அவள் பதிலுக்கு நிற்கவில்லை. பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

கொடிகள் ஆறு நாளும் வெட்டுப்படாமல் காத்திருந்தன. ஏழாம் நாள் அவள் திரும்பியபோது, கத்தரி தீட்டப்பட்டு அதே மேசையில் இருந்தது.

அந்த ஆண்டின் போத்தல்களில் வழக்கம்போல மூன்று வரிகள் அச்சாகியிருந்தன.

மண்: புதிதாய்ச் சாம்பல் விழுந்தது.
காற்று: தெற்கிலிருந்து வீசியது.
கை: ஆறு நாள் அண்ணனுக்குக் கஞ்சி ஊட்டியது.