அலை வரைந்த முள்

ஆறு மாதமாக அசையாமல் கிடந்த சிற்றம்பலத்தின் தலையில் ஒயர்களை ஒட்டினார்கள். மூளை அலையை வரையும் முள், காகிதத்தின் மேல் சோம்பலாக உட்கார்ந்தது.

“எதுக்குப்பா வீண் வேலை? இது வெறும் கட்டை,” என்றது தலைமாட்டில் நின்று அவருக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருந்த வென்டிலேட்டர். “நாளைக்கு என்னைக் கழட்டிட்டா கதை முடிஞ்சுது. எனக்கும் விடுதலை.”

முள்ளும் சிரித்து வைத்தது.

டாக்டர் குனிந்தார். “ஐயா, நான் பேசுறது கேக்குதுன்னா, வலது கையை மடக்குறதா மனசுல நினைச்சுக்குங்க.”

கை அசையவில்லை. முள்தான் தூக்கிவாரிப் போட்டதுபோல் எகிறியது. டாக்டர் மறுபடி கேட்டார், மறுபடி எகிறியது.

“அடேய், உள்ளே ஆள் இருக்கார்டா!” என்று கிறீச்சிட்டது முள்.

வென்டிலேட்டருக்கு ஒரு மூச்சு தவறியது. “அப்போ... நான் பேசினதெல்லாம்?”

டாக்டர் எதுவும் கேட்காமலேயே, முள் மூன்றாம் முறை எகிறியது.