மஸ்கட்டிலிருந்து அணையும் விளக்கு

மஸ்கட்டில் வேலை பார்க்கும் ரெக்ஸ்லின், விடுமுறையில் வந்தபோது தூத்துக்குடி வீட்டின் பல்புகளையெல்லாம் மாற்றினான். "இனி அங்க இருந்தே ஃபோன்ல போடுவேன், அணைப்பேன். சுவிட்சத் தொட்டா எனக்குத் தெரிஞ்சிரும்" என்று மனைவி ஜெசிந்தாவிடம் சொன்னான்.

அவன் திரும்பிப் போன பிறகு, அவள் அழைப்பை எடுக்கத் தாமதித்தால் வீடு இருண்டது. "எங்கட்டி போன?" என்பான். அவள் அழுது மன்னிப்புக் கேட்டால்தான் வெளிச்சம் வரும்.

ஒரு மாலை தெருவுக்கே மின்சாரம் போனது. ஜெசிந்தா பாய்ந்து ஃபோனை எடுத்தாள். யாரும் அழைத்திருக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள் ஷைனி, வாயிலிருந்த சோற்றை அவசரமாக விழுங்கிவிட்டு, இருட்டைப் பார்த்து எச்சில் கையோடு கும்பிட்டாள்.

"அம்மா எங்கயும் போகலப்பா. லைட்டப் போடுங்கப்பா."